எம்.டி. 90: முதலில் புத்தகத்தைப் பாருங்கள், பிறகு எஞ்சினை

ஹொண்டா எம்.டி. 90ஐ வன்னியில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குளக்கட்டிலும் வயல் கரையிலும் சந்தை வாசலிலும் நிற்கிற வண்டிதான். ஜப்பானில் தபால்காரர் கடிதம் கொடுத்துத் திரிவதற்கென்று செய்யப்பட்டது: சிவப்புப் பெயின்ற், ஓர் ஆள் சீற், பின்னுக்கு அகலமான கரியர். இங்கே வந்த பிறகு நீள சீற் பூட்டப்பட்டு, புருசன், பெண்சாதி, பிள்ளை, ஒரு உரப்பை எல்லாம் ஏறின. இப்போது அதே வண்டியைப் பழமைக்காகத் தேடி வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் ஓடுகிற பழைய வண்டி எல்லாம் விலை ஏறிக்கொண்டது. பெயின்ற் அடித்து மினுக்கின எம்.டி.க்கு இப்போது கேட்கிற காசு, அது உள்ளே எப்படி இருக்கிறது என்பதோடு சம்பந்தமில்லாத காசு.

சுருக்கமாகச் சொன்னால், மணிக்கு 40 முதல் 50 கிலோமீற்றருக்குள் ஓடத் தயார் என்றால் வன்னி வீதிக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வண்டி கிடையாது. கியர் மூன்று. கிளச் பிடி இல்லை, காலால் மாற்றினால் கிளச் தானாக விடுபடும். சாதாரண ஹொண்டா கப் வண்டியில் இருக்கிற 17 அங்குலச் சில்லுக்குப் பதிலாக இதில் இரண்டு பக்கமும் 14 அங்குலம். முன்னுக்கு ரெலிஸ்கோப் ஃபோர்க். அதனால் கிரவல் வீதியில் கப் துள்ளுகிற இடத்தில் இது பதிந்து போகும். சில்லு சின்னது என்பதால் ஆழமான குழியில் விழுந்தால் கைக்கு அடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஏ9இல் 60க்கு மேல் முறுக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இது வண்டியில்லை. ஓடும், ஆனால் எஞ்சின் அதை விரைவில் கணக்குத் தீர்க்கும்.

வாங்கப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பனர் இல்லை, பதிவுப் புத்தகம். போர்க்காலத்தில் வன்னிக்குள் ஓடிய வண்டிகளின் ஆவணங்கள் பல கை மாறின, சில தொலைந்தே போயின. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் விடுபட்டுத் துருப்பிடித்துக் குவிந்த மோட்டார் சைக்கிள்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் இன்னொரு வண்டியின் எஞ்சின் உட்கார்ந்திருப்பது இங்கே அதிசயமில்லை. எஞ்சின் இலக்கம் இடப்பக்கக் கேஸின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரோச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். அடித்த இலக்கங்களின் ஆழம் ஒரே அளவாக இருக்க வேண்டும். சுற்றிவர அரம் போட்ட மினுக்கம் தெரிந்தால் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். சட்ட இலக்கத்தையும் அப்படியே புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கையெழுத்து வைத்த வெறும் படிவத்தைக் கையில் தந்து "பிறகு மாத்தலாம்" என்று சொல்கிறவரிடம், புத்தகத்தில் பெயர் உள்ளவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பல வண்டிகளில் அந்த ஆள் வெளிநாட்டில், அல்லது உயிரோடு இல்லை. புகை விடுகிற எஞ்சினை லேத்தில் கொடுத்துச் சரியாக்கலாம். புத்தகப் பிழையை எந்தக் கராஜாலும் சரியாக்க ஏலாது. வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். புகைச் சோதனை பல வருடம் தவறிய வண்டி என்றால் ஏன் தவறியது என்பதை எஞ்சின் சொல்லும்.

எஞ்சினுக்கு வருவோம். வன்னி எம்.டி.க்கு ஜப்பான் கையேட்டில் இல்லாத ஒரு வரலாறு இருக்கிறது: மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். இந்தச் சின்ன நாலு ஸ்ரோக் எஞ்சின் அதையும் தாங்கியது என்பது உண்மைதான். ஆனால் தாங்கியதற்குத் தடம் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அழுத்தம் கூடின எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே பற்றித் தட்டும். தட்டாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதற்குச் சுலபமான வழி சிலிண்டர் புளொக்குக்குக் கீழே இருக்கிற தாள் பக்கிங்கை இரட்டையாகப் போடுவது. அப்படிப் போட்ட எஞ்சின் இன்றைக்கும் கைக்கு வரலாம். கண்டுபிடிக்கத் திறக்கத் தேவையில்லை. புளொக்கும் கீழ்க் கேஸும் சேருகிற விளிம்பில் நகத்தை ஓடவிடுங்கள். ஒரு தாள் தடிப்புக்குப் பதிலாக இரண்டு கோடு தட்டுப்பட்டால் அதுதான். உதைமிதி வழக்கத்துக்கு மீறி இலேசாக இருக்கும், ஏற்றத்தில் இழுவை செத்திருக்கும். இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு. வால்வைத் திறந்து மூடுகிற கேம் மேலே ஹெட்டில் இருக்கிறது, கீழிருந்து ஒரு செயின்தான் அதைச் சுற்றுகிறது. புளொக் உயர்ந்தால் ஹெட்டும் உயரும், கேமின் நேரம் கொஞ்சம் முந்தும். ஆகவே இரட்டைப் பக்கிங்கை எடுத்து ஒற்றையாக்கினால் அழுத்தம் மட்டுமில்லை, வால்வு நேரமும் சேர்ந்து திரும்பி வரும். வண்டி புதிதாகிவிட்டது போல இருப்பதற்கு அதுதான் காரணம், புது காபுரேற்றர் இல்லை.

மண்ணெண்ணெயின் இன்னொரு தடம் ஓயிலில். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் றிங்ஸைத் தாண்டிக் கீழே இறங்கி ஓயிலை இளக்கும். அந்த ஓயிலில் ஓடியதால் தேய்ந்தவை கேமும், அது அசைக்கிற ரொக்கரும். இன்றைக்குப் பெற்றோலில் ஓடினாலும் இதே நோய் வேறு வழியால் வரும்: காபுரேற்றர் மிதவையின் ஊசி தேய்ந்து, நிறுத்தி வைத்த இரவில் பெற்றோல் எஞ்சினுக்குள் வடியும். ஓயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் ஓயிலையும் மாற்ற வேண்டும், ஊசியையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது காசை வாய்க்காலில் விடுகிற வேலை.

விற்கிறவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு நிபந்தனை: "வர முதல் ஸ்ராட் பண்ணி வைக்க வேண்டாம்." போனவுடன் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். குளிர் எஞ்சினை உதைத்தவுடன் நீலப் புகை வந்து அரை நிமிடத்தில் நின்றால் வால்வு சீல் போயிருக்கிறது, அது சின்ன வேலை. ஓடும்போது முறுக்குகிற நேரமெல்லாம் நீலப் புகை தொடர்ந்தால் றிங்ஸோ சிலிண்டர் துளையோ தேய்ந்திருக்கிறது. அதற்கு ஹெட்டும் புளொக்கும் கழற்றி லேத்துக்குப் போக வேண்டும். பிஸ்டன் 0.25 மில்லிமீற்றர் படிகளில் 1.00 வரை பெரிதாக வரும். ஏற்கெனவே 1.00 போட்டிருந்தால் அடுத்தது புளொக்குக்குச் சிலீவ் அடிப்பது அல்லது வேறு புளொக் தேடுவது. கடைசியாக என்ன அளவு போட்டது என்பதை விற்கிறவரிடம் கேட்டு நம்ப வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையிலேயே அளவு அடித்திருக்கும்.

சட்டம் அழுத்திய தகட்டால் ஆனது. வெளிப் பெயின்ற் பளபளத்தாலும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் நின்ற வண்டி என்றால் பற்றறிப் பெட்டிக்குக் கீழும், பின் கவையாணி போகிற இடத்தைச் சுற்றியும், பின் மட்காட்டின் உள்வளைவிலும் ஸ்குறூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருவுக்கு மேல் பூசிய பூச்சு செத்த சத்தம் போடும். ஹாண்டிலை நடுவில் விட்டு முன்சில்லைத் தூக்கி மெல்லத் திருப்பும்போது நடுவிலேயே "டக்" என்று நின்றால் தலைப் பெயரிங் பள்ளம் விழுந்திருக்கிறது. அது பெரிய செலவில்லை, ஆனால் விலை பேசப் பயன்படும்.

கிளச்சைப் பற்றி வருகிற முறைப்பாடு கூட. "கியர் போட்டவுடன் வண்டி தானாக நகருது" என்பார்கள். பாதிக்கு மேல் கிளச்சில் பிழை இருக்காது, ஐடில் கூட வைத்திருப்பதுதான் பிழை. சுழற்சி வேகத்தில் பிடிக்கிற கிளச் இது, ஐடில் உயர்ந்தால் பாதி பிடித்துக்கொண்டே நிற்கும். முதலில் ஐடிலை இறக்குங்கள். அதற்குப் பிறகும் நகர்ந்தால், அல்லது உதைமிதி வழுக்கினால், வலப்பக்கக் கவரில் இருக்கிற திருகாணிக்குப் போகலாம். லொக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை மணிக்கூட்டுத் திசையில் ஒரு சுற்று. பிறகு எதிர்த்திசையில் மெதுவாக, சற்றே தடுக்கிற இடம் வரும்வரை. அங்கிருந்து மறுபடி மணிக்கூட்டுத் திசையில் ஒரு சுற்றின் எட்டில் ஒரு பங்கு. திருகாணியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். நட்டோடு சேர்ந்து திருகாணியும் சுற்றினால் முழு வேலையும் வீண், அதுதான் வழக்கமாக நடக்கிறது. ஓட்டுகிற விதமும் முக்கியம்: கியர் மிதியை அழுத்தியபடி இருக்கும் வரை கிளச் விடுபட்டிருக்கும், காலை எடுக்கும்போது பிடிக்கும். படாரென்று எடுத்தால் குலுக்கும். முறுக்கை முழுதாக விட்டு, மிதித்து, காலை மெல்ல எடுத்து, பிறகு முறுக்க வேண்டும்.

ஓயில் முக்கால் லீற்றரைச் சுற்றித்தான் பிடிக்கும். அளவு குறைவு என்பதால்தான் மாற்றுவதைப் பிந்தக்கூடாது. கிரவல் தூசியில் ஓடுகிற வண்டிக்கு 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை நல்லது. குச்சியால் மட்டம் பார்க்கும்போது திருகி இறுக்காமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், வண்டி நடு ஸ்ராண்டில் நேராக நிற்க வேண்டும். எஞ்சின் ஓயிலில்தான் கிளச்சும் குளிக்கிறது, ஆகவே காருக்கு விற்கிற வழுக்கல் கூடிய ஓயில் வேண்டாம். போத்தலில் மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்.ஏ. (JASO MA) அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓயில் இறக்குகிற போல்ற்றுக்கு 17 ஸ்பனர். கேஸ் அலுமினியம், மரை மெல்லியது. நீளக் குழாய் மாட்டி இறுக்குகிறவர்களால்தான் எத்தனையோ நல்ல கேஸ்கள் பழுதாய்ப் போயின. புது வொஷர் போட்டு, கைக்கு நிற்கிறவரை பூட்டி, ஒரு சின்ன இழுப்பு போதும். கடதாசி ஃபில்ரர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிளச் தலையில் சுழலும்போது அழுக்கு ஒதுங்குகிற மூடியும்தான். வலப்பக்கக் கவரைக் கழற்றி இரண்டையும் கழுவாத வண்டியில் எவ்வளவு புது ஓயில் ஊற்றினாலும் பயன் குறைவு. கிளச் மூடியின் திருகாணிகள் ஜப்பான் அளவு, சாதாரண நட்சத்திர ஸ்குறூட்ரைவரில் தலை அழியும். சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ற் ட்ரைவர் உள்ள கராஜுக்கே கொடுங்கள்.

தப்பற் இடைவெளி, அதாவது ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் விடுகிற இடைவெளி, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது. மேல், கீழ் இரண்டு மூடியையும் கழற்றி, எஞ்சினின் இடப்பக்கத்தில் இருக்கிற பிளைவீலை எதிர்மணித் திசையில் சுற்றி, அதிலுள்ள ரி (T) அடையாளம் கேஸ் குறியோடு சேருகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு ரொக்கரும் ஆடுகிறதா பாருங்கள். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. "கொஞ்சம் சத்தம் இருந்தா நல்லது" என்று கூடுதலாக வைப்பவர்களும் உண்டு, சத்தமே இல்லாமல் இறுக்குகிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டம்தான் ஆபத்து: புகை வெளியேறுகிற வால்வு மூடாமல் எரிந்துபோகும். இவ்வளவும் செய்த பிறகும் புளொக்கின் இடப்பக்கம் சரசரவென்று கேட்டால் கேம் செயினை வழிநடத்துகிற றப்பர் உருளை தேய்ந்திருக்கிறது.

மின்சாரம்தான் இந்த வண்டியின் உண்மையான பலவீனம். பழைய மொடல்கள் 6 வோல்ற். முன் லைற் நேராக எஞ்சினிலிருந்து மின் எடுக்கிறது, ஐடிலில் குப்பி விளக்கு மாதிரி மங்கும். தீப்பொறிக்குப் பொயின்ற் உள்ள எஞ்சினுக்கு இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பொயின்ற் முகம் கருகிக் கருகி வந்தால் பொயின்ற்றை மாற்றிக்கொண்டே இருக்காமல் கொண்டன்சரை மாற்றுங்கள். 12 வோல்ற்றுக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்கிற இடங்களில் பல்பும் பற்றறியும் மட்டும் மாற்றி அனுப்பி, ஒரு மாதத்தில் பற்றறி கொதித்துத் திரும்பி வந்த கதைகள் நிறைய. மின் ஒழுங்காக்கி, பிளாஷர், ஹோண், எல்லாப் பல்பும் சேர்ந்து மாறினால்தான் மாற்றம். இல்லாவிட்டால் 6 வோல்ற்றிலேயே சுத்தமாக வைத்திருப்பது மேல். எம்.டி. லைற் போதாது என்பதற்காகவே மாலை 6 மணிக்கு முன் வீடு சேருவது புத்தி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் வீதியில் மாடும் நிற்கும், யானையும் நிற்கும்.

சாமான் கிடைக்கிறது, தரம்தான் கேள்வி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கழற்றிய சாமான் தேடலாம். கிளச் பிளேற், பிறேக் சூ, கேபிள் போன்றவற்றுக்கு வேறு நாட்டுச் சாமான் போதும். ஆனால் றிங்ஸ், ஊசி, ஜெற் ஆகியவற்றில் மலிவைத் தேடினால் இரண்டு முறை வாங்க வேண்டி வரும். 14 அங்குல ரயர் எல்லாக் கடையிலும் கையிருப்பில் இராது, தேய முதலே ஒன்று சொல்லி வையுங்கள். காற்று முன்னுக்கு 25 பி.எஸ்.ஐ., பின்னுக்குத் தனியே ஓடினால் 28, ஆள் ஏற்றினால் 33.

பழைய வண்டிக்காரர் சேர்ந்து ஓடுகிற ஞாயிறு ஓட்டங்களுக்கு எம்.டி.யோடு போகிறவர்களுக்கு ஒரு நல்ல சுற்று: கிளிநொச்சியில் தொடங்கி, பரந்தனில் ஏ35க்குத் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் வழியே முல்லைத்தீவு. திரும்பி வர ஏ34இல் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம், அங்கிருந்து ஏ9இல் முறிகண்டி, கிளிநொச்சி. மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 என்று வைத்தால் மூன்று லீற்றருக்குள் முடியும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கொடுத்த நாட்களில், பெரிய வண்டிக்காரர் வீட்டில் நிற்க எம்.டி.க்காரர் மட்டும் இந்தச் சுற்றை ஓடி வரக்கூடியதாக இருந்ததற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். வரிசைக்கு முன்னுக்கு விட வேண்டியது வேகமான வண்டியை இல்லை, 6 வோல்ற் லைற்றோடு மெதுவாக வருகிறதை. வட்டுவாகலில் பாலம் ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை, ஆகவே இக்கரையிலேயே நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மாரியில் வீதிக்கு மேலே வெள்ளம் ஓடிய இடத்தைக் கடந்தால் டிரம் பிறேக்குக்குள் தண்ணீர் போயிருக்கும். நூறு மீற்றர் வரை பிறேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே ஓடிக் காயவைத்த பிறகுதான் நம்பலாம். முறிகண்டியில் எல்லோரும் எப்படியும் நிற்பார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் ஒரு சரை முடிக்கிற நேரம் எஞ்சின் ஆறப் போதும், அந்த நேரத்தில் செயின் பெட்டியின் றப்பர் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள், தளர்வு ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பையில்: பிளக், பொயின்ற், கொண்டன்சர், அக்சிலேற்றர் கேபிள், செயின் பூட்டு, ரியூப், ஒட்டுச் சாமான், பம்ப், முன்பல்ப், கொஞ்சம் வயர். இதற்கு மேல் காவுவது பாரம்.

ஹொண்டா சி.டி. 200ஐயும் பலர் கேட்கிறார்கள். இரண்டு சிலிண்டர், 194 சிசி, நாலு கியர், வன்னிக்காரருக்குப் பார்த்தவுடன் ஒரு காலம் ஞாபகம் வரும். ஏ9இல் அது இதைவிட நிம்மதியாக ஓடும். ஆனால் பாரம், குடிக்கும், சாமான் தேடுவது தனி வேலை. வாரத்தில் ஒருநாள் ஓட ஒன்று வேண்டும், மற்ற நாளில் வயலுக்கும் போக வேண்டும் என்றால் எம்.டி.தான்.

ஒன்றே ஒன்று: ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெற்றோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபுரேற்றர் கிண்ணத்தில் தேங்கி நிற்கிற பெற்றோல் பிசினாகி முதலில் அடைப்பது ஐடில் ஜெற்றைத்தான், அது ஒரு தலைமயிர் போகிற துவாரம். அதைக் குத்தி எடுக்க ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம், துவாரம் பெருத்துவிடும். வெங்காயச் சாக்கிலிருந்து எடுத்த ஒரு நைலோன் இழையும், ரயர்க் கடைக் காற்றும் போதும்.